ஒன்பதாம் பக்கத்துக் கயிறு

"ஒன்னுலேர்ந்து இருபத்து நாலு வரைக்கும் வரிசையா நிக்குதுக்கா. ஸ்கூல் பசங்ககூட இவ்வளவு ஒழுங்கா நிக்கமாட்டாங்க," என்றான் வாயாடி.

டயர் கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறையில் மேசை, நாற்காலி, தரை எல்லா இடத்திலும் தாள்கள் கிடந்தன. அவனுடைய அக்கா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொரு தாளையும் மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் துப்பறிவாளர் என்று போர்டு இருந்தது. தெருவில் எல்லோருக்கும், அவரைவிட வயதான டயர் கடைக்காரருக்கும்கூட, அவர் அக்காதான்.

"நல்லாப் பார்த்தியா? ஏதாவது நம்பர் விட்டுப்போயிருக்கா? ரெண்டு தடவை வந்திருக்கா?"

"பார்த்துப் பார்த்து கண்ணு பூத்துப்போச்சு. இனிமே பஸ் டிக்கெட் வாங்கினாக்கூட அடியில பக்க எண்ணைத் தேடுவேன்."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மதியம் தாண்டிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு விசாரணை அதிகாரி உத்தரவில் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு யார் அழுதும் பயனில்லை.

அந்தத் தாள்கள் ஒரு லிஃப்டைப் பற்றிய சோதனை அறிக்கை. அந்த லிஃப்ட் கயிறு அறுந்து விழுந்தபோது உள்ளே நானும் என் மனைவியும் இருந்தோம். ஏழாவது மாடியில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருவோம் என்று அவள்தான் கூட்டிப்போனாள். அவள் நர்ஸ். நோயாளி ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போனால், அவள் மனதை விட்டும் போய்விடுவார் என்று அர்த்தமில்லை.

கட்டடத்து மெக்கானிக்கை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு கழுவினாலும் போகாத கறுப்பு அவன் விரல்களில் இருக்கும். தீயணைப்பு வண்டி வருவதற்குள் அந்த இருட்டுக் குழிக்குள் அவன் தனியாக இறங்கிவிட்டான். மயங்கிக் கிடந்த என்னை இழுத்து ஓரமாகப் போட்டான். நசுங்கிய தகரத்துக்கு அடியில் இருந்த அவளுடைய ஒரு கைதான் அவனுக்கு எட்டியது. கடைசிவரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அவள் ஏதோ பேசினாள் என்றும் சொன்னார்கள். என்ன பேசினாள் என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

மறுநாளே அவனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரே ஒரு தடவை அவனைப் பார்க்க விடுங்கள் என்று கேட்டேன். சாட்சியும் குற்றவாளியும் பேசிக்கொள்ளக் கூடாது என்றார்கள்.

அவனைப் பிடிக்கக் காரணம் இந்த அறிக்கையின் ஒன்பதாம் பக்கம். கட்டட நிர்வாகம் வரவழைத்த சோதனை என்ஜினியர் எழுதியது. 'புதிய கம்பிக் கயிறு என் முன்னிலையில் மெக்கானிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அதை மாட்டும்வரை லிஃப்டை நிறுத்திவைப்பது அவருடைய பொறுப்பு.' கிரீஸோ, ஒரு முழக் கயிறுகூட யாரும் என் கண்ணில் காட்டவில்லை என்று கதறுகிறான். எழுதிய என்ஜினியரைக் கேட்கலாம் என்றால் அவர் லிஃப்ட் விழுவதற்கு முன்பே மாரடைப்பில் போய்விட்டார். செத்தவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் கிடையாது. ஐந்து மணிக் கையெழுத்து அந்தப் பழியை கிரீஸ் தலையில் உறுதியாக்கிவிடும்.

"உண்மையைச் சொல்ற பக்கம் ஏதோ இருந்திருக்கணும். அதை எடுத்துட்டாங்க," என்றேன். ஒரு வாரமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஆனா நம்பர் எல்லாம் சரியா இருக்கே, மேடம்."

அக்கா தாளைக் கீழே வைத்தார். "சரியா இருக்கிறதை வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது சார். இது மனுஷன் போட்ட நம்பர் இல்ல. அடியில நம்பர் வேணும்னு கம்ப்யூட்டர்கிட்ட ஒரு தடவை சொல்லிட்டா போதும். நடுவுல பத்துப் பக்கத்தை உருவினாலும் மிச்சம் நகர்ந்து இடத்தை அடைச்சுக்கும்."

"பஸ்ஸுல ஒருத்தர் எழுந்திரிச்சா மத்தவங்க சேர்ந்து உக்கார்ற மாதிரி," என்றான் வாயாடி. "எழுந்து போனவர் எங்க உக்காந்திருந்தார்னு சீட்டைக் கேட்டா சொல்லுமா?"

"பொருளடக்கம்?"

"அதையும் ஒரு தட்டு தட்டினா தானா மாறிக்கும்."

"அப்போ வழியே இல்லையா?"

அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "டேய், எல்லாத்தையும் அடுக்கு. என்ஜினியர் வீட்டுக்குப் போறோம். அவர் கம்ப்யூட்டர்ல மூலப் பிரதி இருக்கும்."

"இருந்தா நாம ஜெயிச்சோம்."

"வாயை வெக்காத."

வாயை வைத்துவிட்டான்.

என்ஜினியரின் மனைவி கதவைத் திறந்து, கட்டுப்போட்ட என் இடது கையைப் பார்த்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் அவருடைய முகம் வாடிப்போனது.

"அந்தக் கம்ப்யூட்டரை நேத்து வந்து கேட்டிருந்தாக்கூட இதே பதில்தாங்க. பையன் காலேஜுக்கு வேணும்னு எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுக்கிட்டான். அவர் போன பத்தாம் நாளே. எனக்குச் சொல்லக்கூட இல்ல."

"மெயில்ல அனுப்பியிருப்பாரே?" என்றான் வாயாடி.

"படம் நிறைய இருக்கும், போகாதுன்னு பென் டிரைவுல போட்டுக் கையில கொடுத்துட்டு வந்துடுவார். எப்பவும் அப்படித்தான்."

நான் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரம்மாதானா அந்த லிஃப்டுல?"

தலையசைத்தேன்.

"சாப்பிடுறீங்களா?"

இதுவரை யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. சாப்பிடு என்று சொன்னார்கள், கேட்கவில்லை. "எப்பவாவது," என்றேன்.

"எனக்கும் எப்பவாவதுதான்," என்றார் அவர்.

அக்கா அறிக்கையை அவர் மடியில் வைத்தார். "இதைப் பாருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் எழுதினது. ஏதாவது வித்தியாசமாத் தெரியுதா?"

அவர் எழுத்தைப் படிக்கவில்லை. நேராகத் தாளின் அடியைப் பார்த்தார். "நம்பர் நான் போட்டதுதான்."

"நீங்களா?"

"அவருக்கு எது வந்தாலும் இது மட்டும் வராது. மேலட்டையில நம்பர் வந்துடும், அதை எடுக்கத் தெரியாம கத்துவார். நான்தான் மேலட்டைக்கு வேணாம்னு எடுத்துட்டு, அடுத்த பக்கத்துலேர்ந்து ஒன்னு ஆரம்பிப்பேன். நடுவுல வெச்சு, ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு கோடு. அழகா இருக்கும்னு."

அக்காவின் கண்கள் விரிந்தன. "கோடா? டேய், கோடு இல்லாத பக்கம் ஏதாவது இருக்கா பாரு!"

வாயாடி தாள்களைப் புரட்டினான். நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டு, ஒன்பது, பத்து. எல்லா எண்ணுக்கும் இரண்டு பக்கமும் கோடு இருந்தது. கடைசித் தாளைப் புரட்டியபோது அவனுக்கே ஜோக் வரவில்லை.

"அடியில ஒரு தடவை போட்டா எல்லாப் பக்கத்துக்கும் அதேதான் வரும்," என்றார் அக்கா, அந்த அம்மாவிடம் இல்லை, தன்னிடமே. ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

புறப்பட எழுந்தோம். அந்த அம்மா அறிக்கையைத் திருப்பித் தர மனமில்லாமல் கையில் வைத்திருந்தார். "நான் நம்பர் போட்டு முடிச்சப்புறம்தான் அவருக்கு வேலையே ஆரம்பிக்கும். பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி, பென்சிலோட உக்காந்துடுவார். 'படம், பக்கம் இத்தனை பார்க்க', 'பக்கம் இத்தனையில் சொன்னபடி'ன்னு உள்ளே ஒவ்வொரு இடமா எழுதுவார். நான் அதைப் பார்த்து டைப் அடிப்பேன். அதுக்கப்புறம் ஒரு கமாவைத் தொட்டாக்கூடச் சண்டைதான். நம்பர் நகர்ந்துடும்பார்."

வாசற்படியில் ஒரு செருப்பை மாட்டியிருந்த அக்கா அப்படியே நின்றார்.

"உள்ளே எழுதுறதைக் கையால டைப் அடிப்பீங்களா? கம்ப்யூட்டர் போடாதா?"

"போடுமாமே, பையன் சொல்லுவான். எங்களுக்கு அந்த வித்தை தெரியாது. பதினைஞ்சுன்னா ஒன்னு, அஞ்சு. அவ்வளவுதான்."

"அம்மா, எங்ககூட வர்றீங்களா? செருப்பைப் போட்டுக்கோங்க," என்றார் அக்கா. "ஒத்தைச் செருப்போட நான் நிக்கிறதைப் பார்த்தாவது சீக்கிரம் வாங்க."

வாடகைக் காரில் பின்சீட்டில் நாங்கள் மூன்று பேர், முன்னால் வாயாடி. அக்கா மடியில் அறிக்கை. பென்சிலை வாங்கி ஒவ்வொரு 'பக்கம் பார்க்க'வையும் சுழித்துக்கொண்டே வந்தார். இருபதாம் பக்கத்தில், 'கதவுகளின் நிலை, பக்கம் ஏழில் சொன்னபடி' என்று இருந்தது. ஏழில் கதவுகளைப் பற்றி இருந்தது. 'கப்பியின் படம், பக்கம் எட்டு பார்க்க.' எட்டில் கப்பி இருந்தது.

"சரியாத்தான் இருக்கு," என்றேன்.

"பொறுங்க." ஐந்தாம் பக்கத்தைத் தொட்டார். "'கயிற்றின் தேய்மானம், படம், பக்கம் பதினைந்து பார்க்க.'" பதினைந்தைத் திருப்பினார். மோட்டார் அறையின் படம். திருப்பிக்கொண்டே போனார். கயிறு பதினேழில் இருந்தது. இன்னொன்று: பன்னிரண்டைப் பார்க்கச் சொன்னது பதினான்கில் இருந்தது.

"ரெண்டு ரெண்டா இடிக்குது!" வாயாடி சீட்டில் திரும்பி மண்டியிட்டான். "ரெண்டு பக்கம் போயிருக்குக்கா! உருவிட்டாங்க! சார் சொன்னதுதான் சரி!"

அக்கா அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படியே நினைச்சுக்கிட்டு வா," என்றார். "மாத்திக்காத."

"போன பக்கம் நம்ம கையில இல்லையே, அதுக்கு என்ன பண்றது?"

"முதல்ல சிக்னல் பச்சையாகட்டும்னு வேண்டிக்க."

சிக்னல் பச்சையாகவில்லை. அடுத்ததும் ஆகவில்லை. கடைசித் தெருவில் இறங்கி நடந்தோம். நடந்தோம் என்று எழுதுகிறேன். அந்த அம்மாவும் அக்காவும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒவ்வொரு அடிக்கும் என் கட்டுக்குள் எலும்பு குத்தியது.

விசாரணை அதிகாரியின் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சில், ஒரு போலீஸ்காரருக்குப் பக்கத்தில் கிரீஸ் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். போலீஸ்காரர் அவன் தோளை அழுத்தி உட்காரவைத்தார். ஜெயில் சோப்பு எப்படிப்பட்டதோ, அவன் விரல்கள் வெள்ளையாக இருந்தன. அதைப் பார்க்கத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். எதிரே கட்டட மேனேஜர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் எனக்குப் பூங்கொத்து கொண்டுவந்தவர்.

"அஞ்சு நிமிஷம் தர்றேன்மா," என்றார் அதிகாரி. "அதுக்கு மேல என்னால முடியாது."

"மூணு போதுங்க ஐயா." அக்காவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. மேனேஜர் பக்கம் திரும்பினார். "சார், இந்த அறிக்கை என்ஜினியர் கொடுத்தபடியே இருக்குதானே?"

"ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடலை. பென் டிரைவ் கொடுத்தார், பிரிண்ட் எடுத்தோம். அவ்வளவுதான்."

"பக்க எண்ணெல்லாம் ரொம்ப அழகா இருக்கு."

"அது கம்ப்யூட்டரே போட்டுக்கும்மா," என்றார் மேனேஜர் பொறுமையாக.

"ஆனா உள்ளே இடிக்குதே சார். அஞ்சாம் பக்கத்துல, கயிறோட படத்தைப் பதினைஞ்சாம் பக்கத்துல பாருன்னு எழுதியிருக்கார். படம் பதினேழுல இருக்கு. பின்னாடி எல்லாமே இப்படி ரெண்டு ரெண்டா இடிக்குது. அதனால நடுவுல ரெண்டு பக்கத்தை நீங்க உருவிட்டீங்கன்னு நாங்க சொல்றோம்."

வாயாடி கழுத்து சுளுக்கிக்கொள்ளும் அளவுக்குத் தலையாட்டினான்.

மேனேஜர் அறிக்கையை வாங்கி ஐந்தைப் பார்த்தார், பதினேழைப் பார்த்தார். பிறகு சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.

"ஐயா, இவங்களை நம்பியா நேரத்தை வீணாக்குறீங்க? அம்மா, பக்கத்தை உருவினா பின்னாடி இருக்கிறது முன்னாடி வரும். பதினைஞ்சுல இருந்த படம் பதிமூணுக்கு வரணும். இது பதினேழுக்குப் போயிருக்கு. உருவினா குறையும்மா, கூடாது. சின்னப் பிள்ளைக் கணக்கு."

என் உள்ளே இருந்த கடைசித் துளி நம்பிக்கையும் வடிந்துபோனது. வாயாடியின் முகத்தைப் பார்த்தேன். பாதி கட்டியபோது இடிந்துவிழுந்த வீட்டைப் போலிருந்தது அது. அந்த முகத்தைப் பார்த்து மேனேஜர் இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. அவருடைய விரல் தாளின்மேல் நின்றுவிட்டது.

"உருவினா குறையும்," என்றார் மெதுவாக. "இங்கே கூடியிருக்கு."

"சாரே சொல்லட்டும்," என்றார் அக்கா. மூச்சு வாங்குவது நின்றிருந்தது. "கூடியிருக்குன்னா, நடுவுல என்ன நடந்திருக்கணும் சார்? சின்னப் பிள்ளைக் கணக்குதான்."

மேனேஜரின் சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது.

"இத்தனை நாளா நாங்க காணாமப் போன பக்கத்தைத் தேடிக்கிட்டிருந்தோம் ஐயா. எதுவும் காணாமப் போகலை. ரெண்டு பக்கம் புதுசா வந்து உக்காந்திருக்கு. எட்டு வரைக்கும் என்ஜினியர் எழுதினதெல்லாம் சரியாப் பொருந்துது. அதுக்குப் பிறகு ஒவ்வொன்னும் ரெண்டு தள்ளிப்போயிருக்கு. செருகினது எட்டுக்கு அடுத்தாப்புல. புரட்டிப் பாருங்க."

அதிகாரி புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில், புதிய கம்பிக் கயிறு மெக்கானிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாம் பக்கத்தில், பொறுப்பு முழுவதும் அவனுடையது. பதினொன்றில் மறுபடி பிரேக்கைப் பற்றிய பேச்சு, எட்டில் விட்ட இடத்திலிருந்து.

"என்ஜினியரே... கடைசி நேரத்துல அவரே சேர்த்திருக்கலாம் இல்லையா?" என்றார் மேனேஜர்.

"சேர்த்திருந்தா அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுல யாரும் தூங்கியிருக்க மாட்டோம்," என்றார் என்ஜினியரின் மனைவி. அவர் அங்கே நிற்பதை மேனேஜர் அப்போதுதான் கவனித்தார். "நான் நம்பர் போட்ட பிறகுதான் 'பக்கம் பார்க்க' எழுதுவார். அதுக்கு மேல ஒரு வரி சேர்ந்தாலும் முதல்லேர்ந்து எல்லாத்தையும் மாத்தச் சொல்லுவார். இருபத்தாறு வருஷம் நான் டைப் அடிச்சிருக்கேன் ஐயா. ஒரு தடவைகூட அவர் சொன்ன பக்கத்துல வேற படம் இருந்தது கிடையாது."

"அடியில நம்பர் எல்லாம் சரியாத்தானே வந்துச்சு!" மேனேஜர் பாதி எழுந்துவிட்டார். "பொருளடக்கம்கூட மாறி..."

நிறுத்திக்கொண்டார்.

"எப்போ மாறிச்சு சார்?" என்றார் அக்கா. "யாரும் தொடலைன்னீங்களே?"

அதிகாரி பேனாவை எடுத்து மூடியைத் திருகி மூடினார்.

"அந்தப் புதுக் கயிறை எந்தக் கடையில வாங்கினீங்க?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே கடை எதுவும் இல்லை.

"தவளை தன் வாயால கெடும்பாங்க," என்று என் காதில் முணுமுணுத்தான் வாயாடி. "டை கட்டினதை இப்பத்தான் பார்க்கிறேன்." பிறகு அக்காவிடம் திரும்பினான். "கார்லயே உனக்குத் தெரியும். என்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

"உன் மூஞ்சியில பொய் நிக்காது. நீ நெசமா ஏமாந்து நின்னாத்தான் அவர் நெசமாச் சிரிப்பார்."

"என் மூஞ்சிக்குத் தனியா ஃபீஸ் வாங்கணும்."

அக்கா அவன் தலையில் லேசாகத் தட்டினார். பிறகு விரல்விட்டு எட்டு, ஒன்பது, பத்து என்று மறுபடி எண்ணிப் பார்த்தார். கணக்கு எந்த நேரத்திலும் தவறியிருக்கலாம் என்று அவருக்கும் பயம் இருந்திருக்கிறது.

அதிகாரி போலீஸ்காரரைக் கூப்பிட்டு மேனேஜரைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க அந்த மெக்கானிக்கோட பேசணும்னு மனு மேல மனு கொடுத்திருந்தீங்களே. இப்போ போய்ப் பேசுங்க."

வெளியே பெஞ்சில் கிரீஸ் தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளே நடந்ததைச் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது வேறு.

"அவ என்னப்பா சொன்னா?"

அவன் நிமிரவில்லை. தன் வெள்ளை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"'அவருக்கு மூச்சு இருக்கா'ன்னு கேட்டாங்கண்ணே. இருக்குக்கா, நல்லாருக்கார்னேன். 'சும்மா சொல்லாத, நான் நர்சு'ன்னாங்க. அதான் ஓரமாப் போட்டிருந்த உங்களை மறுபடி கிட்ட இழுத்து, உங்க மணிக்கட்டை அவங்க கைல வெச்சேன்."

கட்டுக்கு வெளியே தெரிந்த என் விரல்களை அவன் தொட்டான்.

"விரலை வெச்சு எண்ணிக்கிட்டே இருந்தாங்க. ரொம்ப நேரம். அப்புறம் 'அப்ப சரி'ன்னாங்க."